பண்பாட்டு வளர்ச்சியும் அகழ்வாராய்ச்சியும்: அநுபலத்தி ஏதுவைக் குறித்த ஓர் ஆராய்ச்சி

மக்கள் காட்டிடை அலைந்து காயுங் கனியுந் தேடியுண்ட நிலையினின்று, நாடும் நகரும் நூலும் கோயிலும் உடையராய நிலையினை எய்தியது யாங்ஙனம் என்னும் வினாவுக்கு 19-ஆம் நூற்றாண்டின் மேனாட்டறிஞர் விடை கூறப் புகுந்தபொழுது, நிலத்தை அகழ்ந்தெடுத்த சான்று அவர்பால் மிகச் சிறிதே இருந்தது. 1871-இல் தம் நூலை வெளியிட்ட எட்வர்ட் டைலர் என்பாரும், 1877-இல் வெளியிட்ட லூயி ஹென்றி மார்கன் என்பாரும், தம் காலத்தே பல நாடுகளில் வாழ்ந்த பழங்குடி மக்களின் வழக்கங்களைத் திரட்டி, அவற்றை ஏணிப்படிகள்போல அடுக்கினர். மார்கன் காட்டு நிலை, முரட்டு நிலை, நாகரிக நிலை என மூன்று வகுத்து, முன்னைய இரண்டனையும் மும்மூன்று படிகளாகப் பகுத்தார். மட்பாண்டம் வனையக் கற்றார் காட்டு நிலையினின்றும் ஏறினார். இரும்பை உருக்கக் கற்றார் முரட்டு நிலையின் மேற்படியை எய்தினார். எழுத்துடையார் நாகரிகர் என்பது அவர் துணிபு.

இவ்வடுக்கு முறையிற் பெருங்குறை ஒன்றுண்டு. ஒரே காலத்து வாழ்வார் இருவருள் ஒருவரை மற்றவர்க்குப் பாட்டனாராக வைத்தெண்ணுதல் அது. அமெரிக்க நாட்டுப் பழங்குடியினன் ஒருவனும் இலண்டன் நகரத்து வணிகன் ஒருவனும் ஒத்த காலத்தினர். இருவர்க்கும் பின்னே ஒத்த நீளமுடைய மூதாதையர் வரிசை உண்டு. அவருள் ஒருவன் நின்ற இடத்தை மற்றவன் கடந்து வந்தான் என்பதற்குக் காலச்சான்று வேண்டும். அச்சான்றினை நூலகத்திலிருந்து பெறுதல் இயலாது. மண்ணிலிருந்தே பெறுதல் வேண்டும்.

(வளர்ச்சி என்று ஈண்டு யாம் குறிப்பதனைப் பரிணாமம் என்று எழுதுவாரும் உளர். அச்சொல் நம் தத்துவ நூல்களிற் பால் தயிராதல்போலும் திரிபிற்கு உரியதாய் வழங்கலின், மயக்கம் நேராவண்ணம் வளர்ச்சி என்றே வழங்குவாம்.)

மண் தருவது முதற்கண் முன்பின் முறை. கலைக்கப்படாத இடத்தில் கீழடுக்கு முன்னையது, மேலடுக்குப் பின்னையது. டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் நகரத்துக் காட்சிச்சாலையைக் காத்துவந்த தோம்சன் என்பார் அங்குள்ள பழம்பொருள்களைக் கல், வெண்கலம், இரும்பு என மூன்று காலமாக முறைப்படுத்தி, அம்முறையை 1836-இல் வெளிவந்த கையேட்டில் விளக்கினார். அந்நாட்டினரேயாகிய வோர்சே என்பார் புதைகுழிகளை அகழ்ந்து அம்முறை நிலத்திலும் உண்மையாதலைக் காட்டினார். 1949-இல் வில்லார்ட் லிப்பி என்னும் அமெரிக்க வேதியியலறிஞர் கரிமக் காலக்கணிப்பு முறையை வெளியிட்டபின், முன்பின் முறையோடு ஆண்டுக் கணக்கும் சேர்ந்தது. உயிர் நீங்கிய மரத்திலும் எலும்பிலும் உள்ள ஒருவகைக் கரிமம் 5730 ஆண்டுகளிற் பாதியாய்க் குறையும் என்னும் இயற்கை நியதியை அடிப்படையாகக் கொண்டது அம்முறை.

இவ்விரு கருவிகளையுங் கொண்டு மார்கனுடைய ஏணியை நோக்குவார்க்கு, அதன் படிகள் பல இடம் பெயர்ந்து கிடத்தல் புலனாம். மட்பாண்டமே முதற்படியென்றார் அவர். எரிகோ நகரத்து மேட்டினை 1952 முதல் 1958 வரை அகழ்ந்த காத்லீன் கென்யன் அம்மையார், மட்பாண்டம் இன்னதென்றறியாத மக்கள் கற்சுவரும், உள்ளே படிக்கட்டுடன் ஏறத்தாழ 8.5 மீட்டர் உயரமுள்ள கற்கோபுரமும் எடுத்து ஊராய் வாழ்ந்தமையைக் கண்டார், காலம் கி.மு. 8000-க்கும் முற்பட்டது. மற்று, யப்பான் நாட்டின் ஜோமோன் மக்களோ உழவறியாது வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்த காலத்திலேயே பானை வனைந்தனர். சீன நாட்டுக் குகையொன்றிற் கிடைத்த பானையோடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுப் பழமையுடையன என்று 2012-இல் வெளியாயிற்று. ஓரிடத்தில் ஊர் முன்னும் பானை பின்னும். பிறிதோரிடத்திற் பானை முன்னும் உழவு பின்னும். ஏணி ஒன்றன்று என்பது இவற்றாற் பெறப்படும். தென்னிந்தியாவிற் கல்லுக்கும் இரும்புக்கும் இடையே தனியொரு வெண்கலக் காலம் காணப்படவில்லை என்று ஆராய்ச்சியாளர் நெடுங்காலமாகக் கூறிவருதலும், ஆதிச்சநல்லூர் முதுமக்கட் புதைவிடத்தில் வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் ஒருங்கே கிடைத்தமையும் நம்மவர் பலரும் அறிந்தனவே.

இனி, இவ்வாராய்ச்சி எவ்வகை அறிவு என்பதனைச் சிறிது நோக்குவாம். நம் சித்தாந்த நூல்கள் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றனுள் அடக்கும். நிலத்தினின்று வெளிப்படும் ஓடும் கல்லும் எலும்பும் காட்சிப்பொருள். அவற்றைச் செய்து பயன்கொண்டார் வாழ்க்கை கருதற்பொருள். அகழ்வாராய்ச்சியின் முடிபு யாவும் கருதலளவையின்பாற் படும். அக்கருதற்கு ஏது இயல்பு, காரியம், அநுபலத்தி என மூன்றென அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரின் அளவைப் பகுதியில் வகுத்தருளினார். புகை கண்டு தீயுண்டெனத் துணிதல் காரியவேது. குழியிற் கரியும் சாம்பரும் கண்டு ஈண்டு அடுப்பெரித்தார் இருந்தார் எனத் துணிதலும் அதுவே. குளிரின்மை கொண்டு பனியின்மை துணிதல் அநுபலத்தி.

வளர்ச்சி நூலாருடைய கூற்றுக்களைக் கூர்ந்து நோக்கின், அவற்றுட் பெரும்பகுதி இம்மூன்றாம் ஏதுவின்மேல் நிற்றல் தெளிவாம். உழவு அக்காலத்து இல்லை, எழுத்து அந்நாட்டில் இல்லை, கோயில் அவ்வூரில் இல்லை என்னும் 'இல்லை'களை நீக்கிவிடின் ஏணியே நில்லாது. கீழ்ப்படியில் இல்லாத ஒன்று மேற்படியில் உண்டு என்பதன்றோ படி என்பதன் பொருள்! ஆகவே அகழ்வாராய்ச்சி பண்பாட்டு வளர்ச்சி நூலுக்குச் செய்யும் உதவி யாது என வினவின், புதியன கண்டு தருதல் ஒன்று. அதனினும் அரியது, எந்த 'இல்லை' தக்கது, எந்த 'இல்லை' தகாதது என்று பிரித்தறியச் செய்தல். தருக்க நூலார் இதற்கு ஒரு வரம்பு விதித்தனர். காணத்தக்க பொருள், காணத்தக்க இடத்தில், காணத்தக்க முறையால் தேடப்பட்டும் காணப்படாதாயின் மட்டுமே இல்லையெனத் துணியலாம். இதனை யோக்கியாநுபலத்தி என்ப. பட்டப்பகலில் வெறுந்தரையிற் குடத்தைக் காணாதான் குடமில்லை என்னலாம். இருட்டறையிற் காணாதான் அங்ஙனங் கூறுதல் வழு. அகழ்ந்தெடுத்த நிலங்களிற் பெரும்பாலன இருட்டறைகளே. ஒரு மேட்டில் நூறு குழி வெட்ட வேண்டிய இடத்து நான்கு குழி வெட்டியிருப்பர். மரமும் துணியும் ஓலையும் மட்கியிருக்கும். ஈரமும் கறையானும் உள்ள நம் நாட்டின் நிலைமையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வேறுபாட்டினை நன்கு விளக்கும் இடம் துருக்கி நாட்டின் தென்கிழக்கில், உர்பா நகரத்தின் அருகே உள்ள கோபெக்லி தெபே என்னும் மேடு. தொந்தி மேடு என்பது அப்பெயரின் பொருள். 1963-இல் இஸ்தான்புல், சிக்காகோ பல்கலைக்கழகத்தார் அவ்வட்டாரத்தைப் பார்வையிட்டபொழுது இம்மேட்டினையும் கண்டனர். மேலே உடைந்து கிடந்த சுண்ணாம்புக் கற்பலகைகளைப் பிற்காலத்துக் கல்லறைக் கற்கள் எனக் கருதி அகன்றனர். 1994-இல் கிளவுஸ் ஷ்மித் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆண்டுச் சென்றார். யூப்ரட்டீசு ஆற்றங்கரையிலிருந்த நெவாலி சோரி என்னும் பழையவூரை, அணைக்கட்டு நீரில் அது மூழ்குவதற்கு முன், அகழ்ந்தாருள் அவர் ஒருவர். அங்கே கண்ட தூண்களின் வடிவம் அவர் நினைவில் இருந்தது. ஆகலின் பிறர் கல்லறைக் கல் என்று விட்டவற்றை அவர் தூண்தலைகள் என்று அறிந்தார். பார்த்த கண் ஒன்றேயாயினும் முன்னறிவு வேறாதலின் காட்சியும் வேறாயிற்று. 1995 முதல் அகழ்வு நடைபெற்றது.

வெளிப்பட்டவை வட்ட வடிவமாய கட்டிடங்கள். ஆங்கில 'டி' எழுத்தின் வடிவினவாகிய தூண்கள் சுவரிற் பதிந்து சூழ, நடுவில் இரண்டு பெருந்தூண்கள் எதிரெதிர் நிற்கும். அவற்றுள் மிகப் பெரியன 5.5 மீட்டர் உயரமுடையன. நரி, பாம்பு, காட்டுப்பன்றி, கழுகு, தேள் முதலியன தூண்களிற் புடைப்புருவாகச் செதுக்கப்பட்டுள்ளன. சில தூண்களின் பக்கங்களில் மடித்த கைகளும், இடையில் அரைக்கச்சும் உள்ளன. ஆகவே அவை தூண் வடிவில் நின்ற மக்களோ, மக்களினும் மேம்பட்டாரோ எனக் கருத இடமுண்டு. முகம் செதுக்கப்படவில்லை. இவற்றின் காலம் கி.மு. 9500-ஐ ஒட்டித் தொடங்குவது. எகிப்து நாட்டுப் பெரும் பிரமிடுகளுக்கு ஏறத்தாழ 7000 ஆண்டு முற்பட்டது.

இதனாற் கலங்கிய கொள்கை யாது? கார்டன் சைல்ட் என்னும் அறிஞர் 1936-இல் வெளியிட்ட நூலில், உழவு தோன்றி, ஊர் நிலைத்து, உண்டு மிஞ்சிய விளைவு குவிந்த பின்னரே பெருங்கட்டிடமும் குருமாரும் கோயிலும் தோன்றுதற்கு வாய்ப்புண்டாயிற்று என்னும் முறையை நிறுவியிருந்தார். வயிறு நிறைந்தபின் வழிபாடு என்று அதனைச் சுருக்கிச் சொல்லலாம். ஷ்மித் அம்முறையைத் தலைகீழாக்கினார். இம்மேட்டில் வீடுகள் இல்லை, நீரூற்று இல்லை, வளர்ப்பு விலங்கின் எலும்பு இல்லை, விளைத்த தானியம் இல்லை. ஆகவே இஃது ஊர் அன்று. வேட்டுவர் நாற்றிசையினின்றும் குழுமி வழிபட்ட இடமே. முதலிற் கோயில், பின்னரே நகர் என்றார். திரண்ட மக்கட்கு உணவளிக்க வேண்டியே உழவு பிறந்தது என்பதும் அவர் கருத்து. கோதுமையின் பழைய இனமொன்று முதன்முதல் பயிராக்கப்பட்ட இடம் அம்மேட்டிற்கு அணித்தாய கரசதாக் மலைப்பகுதியே என்று 1997-இல் வெளியான மரபியலாராய்ச்சி கூறிற்று. அஃது அவர்க்குத் துணையாயிற்று. சமயப்பற்றுடையார் பலர் இம்முடிபை மகிழ்ந்தேற்றனர் என்பது கூறாமலே அமையும்.

அவர் அடுக்கிய 'இல்லை'கள் நான்கினையும் ஒருதன்மையவாகக் கொண்டமையே பின்னர் இடர்ப்பாடு விளைத்தது. 2011-இலேயே பானிங் என்னும் அறிஞர், இக்கட்டிடங்களில் மக்கள் குடியிருந்திருத்தலும் கூடும் என்று தடை எழுப்பினார். ஷ்மித் 2014-இல் காலமாயினார். அதன்பின், அகழ்ந்த இடத்தை மழையினின்று காக்கக் கூரை அமைத்தற்பொருட்டுத் தூண்குழிகள் ஆழமாய்த் தோண்டப்பட்டன. வெட்டப்படாதிருந்த அவ்விடங்களில் வீடுகளும் அடுப்புக்களும் புலப்பட்டன. மழைநீரைப் பாறையில் வெட்டிய கால்களாற் செலுத்தித் தொட்டிகளிற் சேர்த்தமையும் காணப்பட்டது. 7000-க்கு மேற்பட்ட அரைகற்களும் குழவிகளும் உரல்களும் அம்மேட்டிலிருந்து எடுக்கப்பட்டன என 2019-இல் வெளியான ஆராய்ச்சி கூறும். காட்டில் விளைந்த தானியத்தை மிகுதியாய் அரைத்துண்டனர் என்பது அதனாற் போதரும். அகழ்வினைத் தொடர்ந்து நடத்திய லீ கிளேர் முதலியோர், மக்கள் ஆண்டுத் தங்கி வாழ்ந்தனர் என்று 2020-இல் எழுதினர்.

அற்றேல், ஷ்மித் கொள்கை முற்றும் வீழ்ந்ததோ எனின், அன்று. வீடில்லை என்றது வீழ்ந்தது. வீடிருக்கத்தக்க இடங்கள் அதுவரை அகழப்படவில்லை ஆகலின் அஃது இருட்டறை அநுபலத்தி. வளர்ப்பு விலங்கில்லை என்றது நின்றது. பல்லாயிரக்கணக்கான எலும்புத் துண்டுகள் ஒவ்வொன்றாய் நோக்கப்பட்டு, யாவும் நவ்வி மான், காட்டெருது, காட்டுக் கழுதை, பன்றி முதலிய காட்டு விலங்குகளினவாகக் காணப்பட்டமையின் அது தக்க அநுபலத்தி. ஆடும் மாடும் வளர்த்தனராயின் அவற்றின் எலும்பு ஒன்றேனும் அக்குவியலிற் கலவாதிராது. ஆகவே உழவரும் ஆயருமாகா மக்கள் பெருந்தூண் நிறுவினர் என்பது இன்றும் மறுக்கப்படவில்லை. அவை கோயிலோ, குலத்தார் கூடும் மன்றமோ, இரண்டுமோ என்பது வேறு வினா. வீடும் கோயிலும் வேறென்பது நாம் நம் காலத்தினின்று கொண்டுசென்று அவர்மேல் ஏற்றும் பாகுபாடாகவும் இருக்கலாம். 2019 முதல் அகழப்பட்டுவரும் கரகான் தெபே முதலிய அண்டை மேடுகளிலும் அத்தகைய தூண்கள் வெளிப்படுகின்றன.

துருக்கி நாட்டிற் கண்ட இவ்வரம்பினை நம் வீட்டு வழக்கிலும் வைத்துப் பார்த்தல் வேண்டும். சிந்துவெளி நாகரிகம் பற்றி சர் ஜான் மார்ஷல் 1931-இல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். மொகஞ்சதாரோவில் 1928-29-இல் கிடைத்த, மூன்றரை சென்டிமீட்டர் அளவினதாய முத்திரையொன்றில் கொம்புகளாய தலையணியுடன் யோகிருக்கையில் அமர்ந்த வடிவமும், சூழ யானை, புலி, காண்டாமிருகம், எருமை ஆகிய நான்கும், இருக்கையின் கீழ் மானும் உள. முகம் மூன்று எனக் கொண்ட மார்ஷல் அதனைச் சிவபெருமானது முன்னை வடிவம், பசுபதி என்றார். சைவம் இன்றுள்ள சமயங்களுள் மிகப் பழையது என்னுங் கருத்தையும் எழுதினார். நம் பத்திரிகைகளும் மேடைகளும் அதனை எத்துணை முறை எடுத்தோதின என்பதற்குக் கணக்கில்லை. ஓதியவருட் பலர் அம்முத்திரையின் படத்தையேனும் கண்டவரல்லர்.

பின்வந்த ஆராய்ச்சி யாது கூறுகின்றது? டோரிஸ் சீனிவாசன் அம்மையார் 1975-இல் வெளியிட்ட கட்டுரையில், அது முக்கண்ணன் முகமன்று, மாட்டு முகம் எனத்தகும் என்றார். ஹில்டிபீட்டல் என்பார் 1978-இல் எருமைத் தொடர்பு காட்டி மகிடனை நினைவூட்டினார். இலிங்கங்கள் என மார்ஷல் கொண்ட கற்களைப்பற்றியும், அவை வழிபாட்டிற்குரியன என்றற்குப் போதிய சான்றின்று என்று ஜார்ஜ் டேல்ஸ் 1984-இல் எழுதினார். மார்ஷல் காலத்து அகழ்வில் மண்ணடுக்கினைப் பின்பற்றாது, ஒரு மட்டத்திலிருந்து அளந்த ஆழத்தையே குறித்தனர். 1944-இல் தொல்பொருட்டுறைத் தலைவராய் வந்த மார்ட்டிமர் வீலர் அதனை வன்மையாகக் கண்டித்தார். எப்பொருள் எப்பொருளோடு எவ்வடுக்கிற் கிடந்தது என்பதை இன்று மீட்டறிதல் பலவிடங்களில் இயலாது. முத்திரைமேல் உள்ள எழுத்தும் இன்றுவரை ஐயமறப் படிக்கப்படவில்லை.

யாம் கூறுவது, மார்ஷல் கொள்கை பொய் என்பதன்று. அமர்ந்த வடிவம் காட்சி. அதற்குச் சிவன் என்னும் பெயர் பன்னூறாண்டு பிற்பட்ட உரையினின்று கொணர்ந்து ஏற்றியது. சிந்துவெளி நகரங்கள் கி.மு. 1900-ஐ ஒட்டித் தளர்ந்தன. ஐயமின்றிச் சிவனுக்குரியது எனத்தகும் பழைய திருமேனியாகிய குடிமல்லத்து இலிங்கம் கி.மு. முதலிரண்டு நூற்றாண்டுகளை ஒட்டியது என்பர் பலர். இடையில் ஏறத்தாழ 1700 ஆண்டு. இவ்விடைவெளியில் ஒன்றும் கிடைக்காமை கொண்டு தொடர்பில்லை என்பார், மரத்தாலும் மண்ணாலும் செய்த திருமேனிகள் மட்கும் என்பதை மறந்தார். தொடர்புண்டு என்று அறுதியிட்டு முழங்குவாரோ, காரியத்தைக் காணாமலே காரணம் பேசுகின்றார். தருக்கத்தில் இந்நிலைக்கு ஐயம் என்று பெயர். சைவத்தின் உண்மை முத்திரையொன்றின்மேல் நிற்பதன்று. ஆகலின் அதனை ஐயமாகவே வைத்திருப்பதில் நமக்கு இழப்பொன்றுமில்லை.

இதே வரம்பினைப் பிறர்க்கும் நாம் நினைவூட்டலாம். வையைக் கரையிலுள்ள கீழடியில் 2015 முதல் நடுவண் அரசின் தொல்லியல் துறையினரும், பின்னர்த் தமிழ்நாட்டுத் துறையினரும் அகழ்ந்தனர். செங்கற் கட்டிடங்களும், உறைகிணறுகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் வெளியாயிற்று. தென்னாட்டிற் பண்டு நகரமில்லை என்ற பழைய 'இல்லை' இதனால் ஒழிந்தது, நன்று. உடனே வேறொரு 'இல்லை' எழுந்தது. கீழடியில் வழிபாட்டிற்குரிய பொருள் கிடைக்கவில்லை. ஆதலின் பண்டைத் தமிழர் சமயமிலர் என்று எழுதினர் பலர்.

ஆண்டு மேட்டின் பரப்பு 110 ஏக்கர் என்பர்; அகழப்பட்டது அதிற் சிறு கூறு. வெளிப்பட்ட பகுதியும் பெரும்பாலும் தொழிலிடமும் உறைவிடமுமாகத் தோன்றுகின்றது. ஒரு தெருவின் தறிக்கூடத்தையும் கிணற்றையும் பார்த்து அவ்வூர்க்குக் கோயிலில்லை என்றல் அமையுமோ? மேலும், அக்காலத்தார் வழிபட்ட முறையினைச் சங்கநூல்கள் கூறுகின்றன. மன்றத்திலும் பொதியிலிலும் நட்ட கந்தில் தெய்வம் உறைந்தது, மரத்தடியில் உறைந்தது. மரக்கந்து இரண்டாயிரமாண்டு வையைக்கரை ஈரத்திற் கிடந்து அகழ்வான் கைக்கு அகப்படும் என்று எதிர்பார்த்தல் எங்ஙனம்? அகப்பட்டாலும் அது கந்தோ வீட்டுக் கூரைத்தாங்கியோ என்று யார் அறிவார்? காணத்தக்கதன்று ஆகலின் காணாமை ஏதுவாகாது. அங்குச் சிவன் கோயில் இருந்தது என்று நம்மவர் சிலர் எதிர்மொழிதலும் இதே குற்றத்திற் படும். கிடைத்த சுடுமண் உருவங்கள் விளையாட்டுப் பாவைகளோ வழிபடு பாவைகளோ என்பதும் எளிதிற் றுணியத்தக்கதன்று.

இரும்பு பற்றிய அண்மைச் செய்தியும் இவ்வினத்தது. மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இலும், சிவகளையிற் கி.மு. 3345 வரை செல்லும் என்று 2025-இலும் தமிழ்நாட்டு அரசினர் வெளியிட்டனர். முன்னர்த் தென்னாட்டிரும்பினை மிகப் பிற்பட்டதாக்கியோர் கொண்டதும் கிடைக்காமை ஒன்றையே. ஆயினும் புதிய கணிப்புக்கள் சில மாதிரிகளின்மேல் நிற்பன. உடன்கிடந்த கரியின் காலம் இரும்பின் காலமே என்பதைப் பிற இடங்களிற் பெறும் மாதிரிகளால் உறுதிப்படுத்துங்காறும், பெருமிதத்தைச் சிறிது ஒத்திவைத்தல் நலம்.

கோயிற் கட்டிட வளர்ச்சியில் இவ்வேது எவ்வாறு இயங்கிற்று என்பதைக் கூறி நிறுத்துவாம். தமிழ்நாட்டில் இன்று நிற்கும் கோயில்களுட் பழையன பல்லவரின் குடைவரைகள். இவற்றுக்கு முன் நிற்பன இன்மையின் முன்பு கோயிலே இல்லை எனத் துணிவார் துணியலாம். ஆனால் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குடைவரையிற் பொறித்த கல்வெட்டு, செங்கலும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி அக்கோயிலை அமைத்ததாகப் பெருமிதங் கொள்கின்றது. அவையின்றிச் செய்தமை வியப்பாயிற்றெனின், அவற்றாற் செய்தலே அதுகாறும் வழக்கு என்பது வெளிப்படை. அதற்கும் முன்னே அகநானூற்றின் 167-ஆம் செய்யுள், செங்கற் சுவரும் விட்டமும் வீழ்ந்து, சுவரில் எழுதப்பட்ட கடவுளும் நீங்கிய பாழிடம் ஒன்றைக் கூறுகின்றது. காட்சி இல்வழியும் உரையும் கருதலும் ஒருங்கே ஒரு பொருளைச் சுட்டின. மண் மட்டும் வாய் திறவாதிருந்தது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஆழிப்பேரலை மாமல்லபுரத்துக்கு வடக்கேயுள்ள சாளுவன்குப்பத்துக் கடற்கரை மணலை அரித்துச் சென்றது. பாறையிற் கல்வெட்டுக்கள் வெளிப்பட்டன; அவற்றில் திருவிழ்ச்சில் என்னும் ஊரின் சுப்பிரமணியர் கோயில் குறிக்கப்பட்டிருந்தது. 2005 முதல் நடுவண் தொல்லியல் துறையினர் அகழ்ந்தனர். பல்லவர் காலக் கட்டிடப் பகுதியும், கல்லாற் செய்த வேலும், அதன் கீழே அதனினும் பழைய செங்கற் கோயிலொன்றும் வெளிப்பட்டன. மேலது கீழதைத் தழுவி எழுந்தமை அடுக்கினால் தெளிவு. கீழ்ச்செங்கற் கோயிலைச் சங்க காலத்தது என்பர் அகழ்ந்தோர். சங்க நூல்களில் அக்கோயில் யாண்டும் கூறப்படாமையின் அங்ஙனம் கொள்ளுதல் ஏலாது என்பாரும் உளர். இம்மறுப்பும் அநுபலத்தியே என்பதைக் கற்றார் உடனே உணர்வர். சங்கத் தொகைநூல்கள் கடற்கரையூர்க் கோயில்களை வரிசையாக எண்ணிக் கூற எழுந்தவை அல்ல. ஆகவே அவற்றிற் கூறப்படாமை காலத்தைத் துணிதற்குப் போதாது. கீழ்க் கோயிலின் காலத்தை அதன் செங்கல்லும், உடன் கிடந்த ஓடும், அடுக்கின் முறையுமே காட்டுதல் வேண்டும்.